சொன்னதை மட்டும்

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் வந்து நின்று, இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் என் மனைவி பிரேமலதா மூன்று முறை தெருமுனையைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அவளுடைய வலது கை மூங்கில் பத்தைகளுக்கு நடுவே, விரல் நுனிகள் மட்டும் தெரிகிற மாதிரி துணியில் சுற்றப்பட்டு, கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் ஹால் டிக்கெட்டும் ஆதார் ஜெராக்ஸும் போட்ட பிளாஸ்டிக் கவர்.

“ரேஷ்மா இன்னும் வர்ல மாமா. ஒரு போன் போடு.”

“அவ வர்ல. நான்தான் உள்ள வரப்போறேன்.”

“இன்னா?”

“நேத்து சாயந்தரமே சொல்ட்டேன் அவகிட்ட. உனக்கு எதுக்கும்மா செரமம், நானே போய்க்கிறேன்னு.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?”

“சொன்னா நீ வேணாம்னுவ.”

உண்மையைத்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறுகிறவளின் கையிலிருந்து கவரை நான் வாங்கிக்கொண்டேன்.

எதற்காகப் போனோம் என்பதை முறையாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி, படித்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட பெண்களுக்காக ஒரு திட்டம் அறிவித்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி, பிறகு வேலை. உள்ளே நுழைவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியின் அடிப்படையில் ஒரு தேர்வு. தொண்ணூறு நிமிடம், நான்கு கேள்வி. வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. பிரேமலதாவுக்கு அடுத்த மாதம் பதினாலாம் தேதியோடு முப்பத்தைந்து முடிகிறது. ஆக, அவளுக்கு இது முதல் முறை, இதுவே கடைசி முறை.

நகரியில் பவர்லூம் ஓட்டுகிற குடும்பம் அவளுடையது. தறிச் சத்தத்துக்குள் உட்கார்ந்து பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் படிப்பை நாங்கள் எதற்கும் எடுக்கவில்லை, பீரோவின் மேல்தட்டில் வைத்த பட்டுப்புடவை மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. எனக்கு அந்த அளவு படிப்பு கிடையாது. காலேஜ் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பிரிண்டர் ரிப்பேரும் பார்க்கிறேன். ஒரு பிரிண்டரைத் திறந்தால் எந்தப் பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்லாமல் என்னால் மூட முடியாது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நான் சொல்லிக்கொண்டிருப்பேன். கொரோனா காலத்தில் கடை மூடிக் கிடந்தபோது போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதினால் மிஷின் அப்படியே கேட்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. எழுதினதைத்தான் கேட்கும், நினைத்ததைக் கேட்காது. இதையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனியின் அறிவிப்பை முதலில் பார்த்தது நான்தான். முழுக்க வாசித்து, கடைசியில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற வரிக்கு வந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து அடங்கியது. அது என்னவென்று அப்போது நின்று பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், “லதா, உனக்கு ஒண்ணு வந்திருக்கு” என்றேன்.

தொண்ணூற்று நான்கு நாள் சொல்லிக்கொடுத்தேன். மதியம் கடையில் கூட்டமிருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, இரண்டிலிருந்து நான்கு வரை. ஒவ்வொரு நாளும் ஒரு ஃபைல். அதற்கு அன்றைய நாளின் எண்ணே பெயர். பெயர் வைத்து ஒன்றை நினைவில் வைப்பது, இது இப்படியானால் அது அப்படி என்று பிரிப்பது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் இவற்றின் பிள்ளை குட்டிகள்தான். முதல் இரண்டும் அவளுக்கு எளிதாக வந்துவிட்டன. மூன்றாவதில், ஒரு வரிசையில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிற இடத்தில், நின்றுவிட்டாள்.

“எதுக்கு மாமா பூஜ்யத்துல ஆரம்பிக்கணும்? மொத ஆளு ஒண்ணு தான?”

எனக்குப் பிடித்த கேள்வி அது. திருப்பதி, ரேணிகுண்டா, வடமாலபேட்டை, புத்தூர் என்று நான்கு ஊரை ஒரு வரிசையாக எழுதினேன். “இந்த நம்பர் எத்தினாவதுன்னு சொல்லாது. ஆரம்பத்துலேர்ந்து எத்தினி ஸ்டாப் தாண்டணும்னு சொல்லும். திருப்பதிலேர்ந்து திருப்பதிக்கு எத்தினி ஸ்டாப்? பூஜ்யம். ரேணிகுண்டாவுக்கு ஒண்ணு. புத்தூருக்கு மூணு. ஊரு நாலு, ஆனா கடைசி நம்பரு மூணு. நீ நாலாம் நம்பரைக் கேட்டா அது திட்டாது. ‘அன்டிஃபைன்ட்’னு சொல்லும். அப்டி ஒரு ஊரை எனக்கு யாரும் சொல்லலன்னு அர்த்தம்.”

“அப்ப தூரம்னு நேரா சொல்ல வேண்டியதுதான? எதுக்கு நம்பர்னு சொல்லி என் உசுர வாங்கற?” என்று சிரித்தாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் விரலுக்குப் புரியவில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எழுதும்போது ‘நான்கைவிடக் குறைவாக இருக்கும்வரை’ என்று போட வேண்டும். அவள் ‘நான்கைவிடக் குறைவாகவோ, நான்காகவோ இருக்கும்வரை’ என்று போட்டுவிடுவாள். குறைவு என்கிற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி கூடுதலாக விழும். பஸ் ஒரு ஸ்டாப் தாண்டிப் போய் அன்டிஃபைன்டில் நிற்கும். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இருபதாம் நாள், முப்பத்தேழாம் நாள், அறுபதாம் நாள். நான் கோபப்பட்டதில்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும். தலையை மட்டும் லேசாக ஆட்டுவேன். அவள் உடனே அழித்துவிடுவாள்.

கீபோர்டைப் பார்த்து டைப் செய்கிறவர்கள் உண்டு, ஸ்க்ரீனைப் பார்த்துச் செய்கிறவர்கள் உண்டு. எண்பதாவது நாள் வாக்கில் பிரேமலதா என் முகத்தைப் பார்த்து டைப் செய்துகொண்டிருந்தாள். விரல் ஒரு எழுத்தின் மேல் போய் நிற்கும், கண் என் பக்கம் வரும், நான் ஆட்டாவிட்டால் விரல் இறங்கும். தப்பே வருவதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வருகிற புத்தூர் எலும்புக் கட்டுக்கு நாங்கள் இரண்டு தெரு நடந்து போனோம். பச்சிலையும் முட்டையும் வைத்துக் கட்டி, ஆறு வாரம் அசைக்காதே என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது லேப்டாப்பைத் திறந்து இடது கையால் ஒரு வரி அடித்துப் பார்த்தது. மூன்று நிமிடம் ஆனது. ஜாவாஸ்கிரிப்டில் அடைப்புக்குறி, சுருள் அடைப்பு, குறைவுக்குறி, கூட்டல்குறி எல்லாவற்றுக்கும் ஒரு விரல் ஷிஃப்டை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், இன்னொரு விரல் எட்டிப் போய்த் தட்ட வேண்டும். இரண்டு கை உள்ளவர்களுக்காகச் செய்த மொழி அது. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் டைப் செய்து தர ஒரு ஆளை அழைத்துவரலாம் என்றார்கள். ஒரே நிபந்தனை: அந்த ஆளுக்குப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது. சொன்னதை மட்டும் அடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ரேஷ்மா பி.காம். இரண்டாம் வருஷம். டைப்பிங் தெரியும், இது ஒன்றும் தெரியாது. அவளைக் கேட்டது பிரேமலதாதான். பத்து நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பழகினார்கள். நான் உள்ளறையில் இருப்பேன்.

“யக்கா, இந்த மீசை மாதிரி ப்ராக்கெட்டு எங்க கீது?”

“பீ-க்குப் பக்கத்துல பாரு.”

“தொறந்த மீசையா, மூடின மீசையா?”

“தொறந்துதாண்டி மூட முடியும். உங்க காலேஜ்ல எப்டி?”

சிரிப்பார்கள். பிறகு நீண்ட நேரம் சத்தமே வராது. பிரேமலதா தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாள். “இல்ல, இல்ல, அத எடுத்துடு. ஒண்ணு தாண்டிப்போவும். எடுத்துடு” என்பாள். ரேஷ்மாவின் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே ஒன்றும் இருக்காது. அந்தப் பத்து நாளில் பிரேமலதா தன் தப்பைத் தானே எத்தனை முறை கண்டுபிடித்தாள் என்று நான் எண்ணவில்லை. ரேஷ்மா செமிகோலனை எத்தனை முறை தேடினாள் என்று எண்ணினேன். தொண்ணூறு நிமிடம் போதாது என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் போய் ரேஷ்மாவிடம் வரவேண்டாம் என்று சொன்னேன்.

“உனக்குத் தெரியும்னு அவங்க கண்டுபுடிச்சா?” என்று ரேணிகுண்டா தாண்டும்போது பிரேமலதா கேட்டாள். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள்.

“எப்டி கண்டுபுடிப்பாங்க? தெரியும்னு மூஞ்சில எழுதி ஒட்டிக்கினா போறேன்?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வு ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் லேபில். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் பெயர் சுதீர் என்று கழுத்து அட்டையில் இருந்தது. முப்பது வயதிருக்கும். பிரேமலதாவின் கையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “பாபம், இப்புடா விரகாலி!” என்று தெலுங்கில் வருத்தப்பட்டு, உடைவதற்கு நேரம் பார்த்தது பாருங்கள் என்கிற மாதிரி தலையில் கைவைத்துக்கொண்டார். ஃபேனுக்கடியில் இடம் கொடுத்தார். எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார். எழுதித் தருபவருக்கு இந்தப் பாடத்தில் அறிமுகம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“மீரு ஏம் சேஸ்தாரண்டி?” என்று என் வேலையை விசாரித்தார்.

“ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்” என்று தெலுங்கில் சொன்னேன். அது பொய்யில்லை. கையெழுத்துப் போடும்போது பிரேமலதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு கேள்வியும் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தன. அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். சில சமயம் அவள் சொல்லி முடிப்பதற்குள் அடித்தேன். நேரம் நிறைய இருக்கிறது, நான் வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது கேள்வி இது: ஒருவர் முதல் நாள் ஒரு செடி நடுகிறார், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஒவ்வொரு ஏழாம் நாளும் ஓய்வு. எத்தனை நாள் என்று கொடுத்தால் மொத்தம் எத்தனை செடி என்று சொல்ல வேண்டும். பத்து நாள் என்றால் நாற்பத்தெட்டு.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மெதுவான குரல், பக்கத்து மேஜைக்குக் கேட்காத அளவு. மொத்தம் என்று ஒன்று, அதில் பூஜ்யம். சுற்று ஒன்றிலிருந்து ஆரம்பம். கொடுத்த நாளைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டு. ஏழால் வகுத்து மீதி இல்லாவிட்டால் தாண்டிவிடு. மீதி இருந்தால் மொத்தத்தில் சேர். “லெஸ் தேன் ஆர் ஈக்வல் டு” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்ததும், அறுபது எழுபது முறை அழிக்கவைத்துப் பழகிய அந்தச் சமக்குறியை நான் அடிக்காமல் விட்டேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

கண்ணைத் திறந்து ஸ்க்ரீனை மேலிருந்து கீழாக வாசித்தாள். மறுபடி மேலே போனாள்.

“மூணாவது லைன். லெஸ் தேனுக்குப் பக்கத்துல ஈக்வல் சொன்னேன். காணோம்.”

நான் தலையை ஆட்டினேன். லேசாகத்தான், மூக்கின் மேல் உட்கார வந்த ஈயை விரட்டுகிற அளவு.

“ஈக்வல் போடு.”

மறுபடியும் ஆட்டினேன்.

எங்களுக்குப் பின்னால் சுதீர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. குனிந்து, என் காதருகில், சந்தேகம் கேட்கிற ஒரு மாணவனின் குரலில், “அதி தப்பா அண்ணா?” என்றார். அது தப்பா என்று.

என்னிடம் ஒருவர் கேட்டால் நான் சொல்லிவிடுவேன். அவ்வளவுதான். யார் கேட்டார், எங்கே, எதற்கு என்பதெல்லாம் பிறகுதான் வரும். “அவுனண்டி, ஒகட்டி எக்குவைப்போதுந்தி” என்றேன். ஆமாங்க, ஒன்று அதிகமாகிவிடும் என்று. நல்ல பொறுமையான குரலில் சொன்னேன்.

சொல்லி முடித்தபிறகு லேபில் ஃபேன்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. சுதீர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, எனக்காக அவர் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. “மீக்கு சப்ஜெக்ட் தெலுசு”, உங்களுக்குப் பாடம் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நான்கடி தள்ளிப் போனார்.

பிரேமலதா என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் மௌசைப் பிடித்தாள். அம்புக்குறி நடுங்கி நடுங்கி மூன்றாவது வரிக்குப் போய், குறைவுக்குறிக்குப் பக்கத்தில் நின்றது. இடது ஆள்காட்டி விரலை நீட்டிச் சமக்குறியைத் தட்டினாள். சமக்குறிக்கு ஷிஃப்ட் வேண்டாம், ஒரு விரல் போதும். பிறகு ஓட்டிப் பார்க்கிற பொத்தானை அழுத்தினாள். கம்பெனி வைத்திருந்த ஐந்து சோதனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. பத்து நாளுக்கு நாற்பத்தெட்டு.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் ஒன்றில் ஆரம்பித்திருந்தாள். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் சமக்குறி கூடாது, ஒன்று கூடிவிடும். ஒன்றில் ஆரம்பித்தால் சமக்குறி இல்லாமல் கடைசி நாள் விடுபட்டுப்போகும். நான் எழுதியிருந்தபடி விட்டிருந்தால் பத்தாம் நாள் நட்ட பத்துச் செடியும் கணக்கில் வந்திருக்காது, முப்பத்தெட்டு என்று காட்டியிருக்கும். ஒரு குழந்தைக்குப் புரிகிற விஷயம். அவள் சொன்ன ‘ஒன்று’ என்ற எண்ணை அடித்ததும் என் விரல்தான்.

சுதீர் திரும்பி வந்தார். பிரேமலதா எழுந்து நின்று, மீதி இருக்கிற ஒரு கேள்வியைத் தானே இடது கையால் செய்துகொள்வதாகவும், இவர் வெளியே போய்விடுவார் என்றும் தெலுங்கில் சொன்னாள். “இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு சார்” என்பதை மட்டும் தமிழில் சொன்னாள், பிறகு திருத்திக்கொண்டு தெலுங்கில் சொன்னாள். அவர் பச்சையாக இருந்த ஐந்து கட்டங்களையும் பார்த்தார். “நா சேத்துல்லோ லேதம்மா” என்றார். தன் கையில் இல்லை என்று. மௌசை அவள் கைக்கடியிலிருந்து மெதுவாக நகர்த்தி எடுத்து, அந்தப் பக்கத்தை மூடினார். மற்ற பெண்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவரவர் தேர்வு அவரவருக்கு.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கை. அவள் ஜன்னல், நடுவில் நான், ஓரத்தில் கீரைக் கூடையோடு ஒரு அம்மாள். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “கை எப்டிம்மா ஒடஞ்சிது?” என்று கேட்டாள்.

“தொவைக்கிற கல்லாண்ட வழுக்கிடுச்சிங்க” என்றேன் நான்.

“அந்தப் பொண்ணக் கேட்டா நீ சொல்ற? உனக்கா ஒடஞ்சிது?”

பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் வடமாலபேட்டையில் இறங்கிப் போனாள். காலி இடத்துக்கு நகர்ந்து உட்காராமல் நான் நடுவிலேயே இருந்தேன்.

“லதா, நீ ஒண்ணுல ஆரம்பிச்சத நான் கவனிக்கல. பூஜ்யத்துல ஆரம்பிச்சிருந்தா நான் சொன்னது சரி. இப்ப பாரு, நாளுன்னு வரும்போது...”

“மாமா. எனக்கு வெளக்காத.”

“இல்ல, ஏன்னு மட்டும்...”

“எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.” குரல் உயரவில்லை. வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ அந்தக் கேள்வியவே படிக்கல. நான் எப்ப தப்பா சொல்வேன்னு காத்துக்கினு இருந்த.”

மறுப்பதற்காக வாயைத் திறந்தேன். கேள்வியில் செடி என்று இருந்தது ஞாபகம் வந்தது, நாள் என்று இருந்தது. வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு குறியைத்தான். அது வருமா என்று. வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி ஏற்பட்டதே, அதுவும் ஞாபகம் வந்தது.

வீட்டு வாசலில் ரேஷ்மா நின்றிருந்தாள். “யக்கா, எப்டிக்கா போச்சு?”

“நல்லா போச்சுடி. மூணு போட்டேன். மூணும் வந்துது.”

“அப்ப ஸ்வீட்டு?”

“துன்னலாம், துன்னலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போய் உட்கார எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

அடுத்த பத்து நாளும் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் சோறு போட்டாள். ஒற்றைக் கையால் குழம்பை ஊற்றும்போது நான் தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பேன். அதை மட்டும் அவள் தடுக்கவில்லை. வேண்டியதைப் பேசினாள். கேஸ் தீர்ந்துவிட்டது, நகரியிலிருந்து அம்மா போன் செய்தாள். லேப்டாப் அதன் இடத்தில் இருந்தது. வேறு கம்பெனி பார்க்கலாம், வயசு கேட்காத இடங்களும் இருக்கின்றன என்று சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாக்கியம் என்னுடையதாக இருப்பது தெரியும், சொல்லாமல் விட்டுவிடுவேன்.

பதினோராம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு மெயில் வந்தது. விண்ணப்பம் போட்டபோது என் மெயிலையும் என் நம்பரையும்தான் கொடுத்திருந்தேன். அவளுக்கென்று தனியாக எதற்கு, எனக்கு வந்தால் நான் சொல்லிவிடப் போகிறேன் என்று அப்போது நினைத்திருந்தேன். கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் கை தானாகத் திறக்கப் போனது. நிறுத்திக்கொண்டு, திறக்காமலே போனை அவள் பக்கம் தள்ளினேன். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“இன்னா போட்டிருக்கான்?”

“இல்லன்னு போட்டிருக்கான்.”

போனைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னுடைய பழைய போனை அலமாரியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

“எனக்குன்னு ஒரு மெயில் போடணும்.”

“குடு, ரெண்டு நிமிஷத்துல...” என்று கையை நீட்டிவிட்டேன். அவள் நகரவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

“நானே போட்டுக்கறேன். பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் அடிக்கணும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க மாமா.”

எச்சில் கையோடு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் அவளுடைய இடது கை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று, நீண்ட இடைவெளி, மறுபடி ஒன்று. நடுவில் ஒருமுறை ‘ச்சு’ கொட்டினாள். எங்கேயோ தப்பு. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பிடித்துக்கொண்டேன். அவள் அழித்தாள், மறுபடி அடித்தாள். பிறகு சத்தம் நின்றது. பாத்திரங்களை எடுக்கும் ஓசை, சமையலறைக் குழாய் திறக்கிற ஓசை, தண்ணீர் விழுகிற ஓசை. முடிந்தது என்றோ, திரும்பு என்றோ அவள் சொல்லவில்லை. பச்சைச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு ஆணித் துளைக்குக் கீழே சின்னதாக விரிசல் விட்டிருந்தது. கையில் சோறு காய்ந்து இறுகிக்கொண்டிருக்க, நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.